பிரெய்ரிக் கோழிக்கு என்ன நடந்தது?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எல்லோரும் அந்தப் படத்தைக் கண்டிருப்பீர்கள். ஒரு போத்தல் நிறையப் பல நிற மணிகள். போத்தலைக் கவிழ்த்தால் ஒடுங்கிய கழுத்து வழியாகச் சில மணிகள் மட்டுமே வெளியே விழும். விழுந்தவற்றில் சில நிறங்கள் இருக்காது. ஒரு குடித்தொகை திடீரெனச் சிறுத்துப்போனால் அதன் பரம்பரை அலகுகளுக்கும் இதுதான் நடக்கும் என்று டீச்சர் விளக்கினார். இதற்குப் போத்தல் கழுத்து விளைவு என்று பெயர். கம்பல் எழுதிய பெரிய நூலில் இதற்கு உதாரணமாக வருவது, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வாழும் பிரெய்ரிக் கோழி. ஒரு சிறிய அட்டவணை, நாலைந்து இலக்கங்கள், அவ்வளவுதான். பரீட்சைக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. "விவசாயிகள் புல்வெளியை உழுததால் இந்தக் குடித்தொகை வீழ்ந்தது" என்று குறிப்பெழுதும்போது என் பேனா கொஞ்சம் நின்றது. ஏனென்றால் என் வாப்பா ஒரு விவசாயி.

அன்று இரவு வாப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சோறு பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உழாம விட்டா அந்த மனுசர் என்னத்தத் திங்கிற, மகள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை உருவானது.

முதலில் பறவையைப் பார்ப்போம். பிரெய்ரிக் கோழி நமது வீட்டுக் கோழியை விடச் சிறியது. உடம்பெல்லாம் கபிலமும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடுகள். காய்ந்த புல்லுக்குள் அது பதுங்கினால் நாலடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கவுதாரி, காடை, பெசன்ட் போன்றவை சேர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது. இவையெல்லாம் நீரை நம்பாமல் மேட்டு நிலத்தில் வாழ்பவை. மரத்தில் கூடு கட்டாமல் நிலத்தில் முட்டையிடுபவை. மனிதர் பிடித்துச் சாப்பிடும் பறவைகளும் இவைதான்.

வசந்த காலத்தில் இந்தச் சேவல்கள் செய்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். பங்குனி தொடங்கியதும் விடியற்காலையில் சேவல்கள் எல்லாம் புல் குட்டையான ஒரு திடலில் வந்து கூடும். வருடா வருடம் அதே திடல். கழுத்தின் இரு பக்கமும் உள்ள செம்மஞ்சள் நிறப் பையை ஊதிப் பெருப்பித்து, கழுத்து இறகை இரண்டு கொம்பு போல நிமிர்த்தி, காலால் நிலத்தைப் படபடவென்று மிதிக்கும். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அதுபோன்ற அடித்தொண்டை ஒலி நெடுந்தூரம் கேட்கும். பேடுகள் ஓரமாக நின்று பார்க்கும். ஆடுவது பல சேவல்கள் என்றாலும் ஒன்றிரண்டுக்குத்தான் பெரும்பாலான பேடுகள் இணங்கும். இந்தக் கடைசி விடயத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

ஆடுவதற்குக் குட்டைப் புல் வேண்டும். ஆனால் பேடு பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு மூன்று வாரத்துக்கும் மேல் அடைகாப்பதற்கு, போன வருடத்துப் புல் வெட்டப்படாமல், எரிக்கப்படாமல் உயரமாக நிற்க வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு வேறு தேவை. முதல் சில வாரங்களுக்குக் குஞ்சுகள் பூச்சிகளையே நம்பி வாழும். ஆகவே குஞ்சு நடந்து திரியக்கூடிய, பூச்சி மண்டிய, பூவும் பூண்டும் கலந்த இடம் வேண்டும். மாரியில் தானியம் கிடைத்தால் நல்லது. ஒரே பறவைக்கு நாலு விதமான நிலம், அதுவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு கறி கேட்டால் உம்மா என்ன சொல்லுவார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய இலினோயில் இதெல்லாம் இருந்தது. அந்த மாநிலத்தில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 220 இலட்சம் ஏக்கர் பிரெய்ரிப் புல்வெளி இருந்தது. நமது இலங்கையின் முழுப் பரப்பே 162 இலட்சம் ஏக்கர் அளவுதான். அந்தப் புல் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். வேர் அதைவிட ஆழம் போகும். அந்த வேர்ப்பின்னலை மரக் கலப்பையாலோ வார்ப்பிரும்புக் கலப்பையாலோ உழ முடியவில்லை. கரிய மண் கொழுவில் அப்பிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருதரம் நின்று வழித்துவிட வேண்டும். 1837இல் அதே மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜோன் டியர் என்ற கொல்லர் வழவழப்பான உருக்குக் கலப்பை ஒன்றைச் செய்தார். மண் ஒட்டவில்லை. இன்று நமது ஊர்களிலும் பச்சை உழவு இயந்திரங்களில் காணும் பெயர் இவருடையதுதான்.

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் புல்வெளி முடிந்துபோனது. சதுப்பாக இருந்த இடங்களில் களிமண் குழாய் புதைத்து நீரை வடித்தார்கள். இன்று மனிதர் கை படாத நல்ல பிரெய்ரி என்று இலினோயில் மிஞ்சியிருப்பது இரண்டாயிரத்து சொச்சம் ஏக்கர், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பல துண்டுகள் பழைய சேமக்காலைகளிலும் புகையிரதப் பாதை ஓரங்களிலும் கிடப்பவை. உழ முடியாத இடங்கள் என்பதால் தப்பியவை. இவ்வளவுக்கும் அந்த மாநிலத்தின் பட்டப்பெயர் இன்னும் "பிரெய்ரி மாநிலம்" தான்.

இதுவரை படித்தபோது விவசாயிதான் குற்றவாளி என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தேடத் தேட வேறு விடயங்கள் வந்தன. கலப்பை வந்த முதல் காலத்தில் பிரெய்ரிக் கோழி குறையவில்லை, கூடியது! புல்வெளிக்கு நடுவே ஆங்காங்கே சோளக் காணிகள் வந்தபோது, மாரியில் பட்டினி கிடந்த பறவைக்குத் தானியம் கிடைத்தது. கூடு வைக்கப் பக்கத்தில் புல்லும் இருந்தது. முன்பு இல்லாத வடக்குப் பகுதிகளுக்கும் மேற்குப் பகுதிகளுக்கும் கமக்காரர்களின் பின்னாலேயே இந்தப் பறவை பரவியது. 1860கள் அளவில் இலினோயில் மட்டும் பல மில்லியன் பிரெய்ரிக் கோழிகள் இருந்தனவாம். பீப்பாய் பீப்பாயாக அடைத்துப் புகையிரதத்தில் நகரச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள்.

அப்படியானால் உழுததில் பிழையில்லை. எவ்வளவு உழுதார்கள், எதை மிச்சம் விட்டார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. வாப்பாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பாதிப் பதில் இதுதான்.

எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் முதலில் எல்லோரும் துவக்கைத்தான் குற்றம் சாட்டினார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. 1933இல் இலினோயில் வேட்டைக்குத் தடை வந்தது. அப்போது சுமார் 25,000 பறவைகள் மிஞ்சியிருந்தன. இனிக் கூடிவிடும் என்று நம்பியிருப்பார்கள். 1962இல் எண்ணிப் பார்த்தபோது 2,000. 1972இல் 500. 1994இல் ஐம்பதுக்கும் குறைவு. யாரும் சுடவில்லை. யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் குறைந்துகொண்டே போயின. ஒரு உயிரைக் கொல்லாமலே அழிக்க முடியும் என்பதை இந்த நாலு இலக்கங்களைப் போல வேறெதுவும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை.

அந்த அறுபது ஆண்டுகளில் என்ன நடந்தது? குதிரை போனது, உழவு இயந்திரம் வந்தது. இது எனக்கு மிகவும் புதுமையாக இருந்த இடம். குதிரையால் உழும் கமக்காரன் குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும். அதற்காகத் தன் காணியில் ஒரு பகுதியைப் புல்லுக்கும் ஓட்ஸுக்கும் மேய்ச்சலுக்கும் ஒதுக்குவான். பறவைக்கு வேண்டிய நாலு விதமான நிலமும் ஒரே கமத்தில் இருந்துவிடும். யாரும் பறவையை நினைத்துச் செய்தது அல்ல. இயந்திரம் புல் தின்பதில்லை. ஆகவே புல் நின்ற இடமும் சோளமும் சோயா அவரையும் ஆனது. 1970களில் தானிய விலை ஏறியபோது, அந்நாட்டின் விவசாயச் செயலாளர் ஏர்ல் பட்ஸ் வேலி முதல் வேலி வரை விதையுங்கள் என்று ஊக்கப்படுத்தினார். வேலியோரப் பற்றைகளும் வெட்டப்பட்டன.

இதில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு பயிர் இருக்கிறது. இலினோயின் தென்-நடுப் பகுதி மண் மற்ற இடங்களைப்போல வளமானது அல்ல. சாம்பல் நிற மண். அங்கே "ரெட்டொப்" என்ற புல்லை அதன் விதைக்காகப் பயிரிட்டார்கள். விதை முற்றி அறுக்க வரும்போது பெரும்பாலான குஞ்சுகள் கூட்டை விட்டுப் போயிருக்கும். மாநிலமெங்கும் அழிந்த பறவை கடைசியாகப் பிழைத்திருந்தது இந்த ரெட்டொப் காணிகளில்தான். சந்தையில் அந்த விதைக்கு மதிப்புக் குறைந்து, அந்த மண்ணிலும் சோயா வந்தபோது கடைசி அடைக்கலமும் போனது. 1960களில் பறவையில் அக்கறை கொண்டவர்கள் பணம் சேர்த்து ஜாஸ்பர், மரியன் என்ற இரு மாவட்டங்களில் சிறு சிறு காணிகளை வாங்கிப் புல் வளர்க்கத் தொடங்கினார்கள். நல்ல வேலை. ஆனால் துண்டு துண்டான காணிகள். சுற்றிவர சோயாக் கடல்.

அந்தத் துண்டுகளுக்குள்ளும் தொல்லை விடவில்லை. ஆசியாவிலிருந்து வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட பெசன்ட் பறவை, பிரெய்ரிக் கோழியின் கூட்டில் தன் முட்டையையும் இட்டுவிட்டுப் போகும். பெசன்ட் முட்டை சற்று முன்னதாகவே பொரிக்கும். பாவம், தாய் தன் குஞ்சு வந்துவிட்டது என்று நினைத்து, தன் சொந்த முட்டைகளைப் பாதியில் விட்டுவிட்டு வேற்றுக் குஞ்சுகளோடு போய்விடும்.

இப்போது மறுபடி போத்தலுக்கு வருவோம். இலினோய் ஆய்வாளர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கூடு கூடாகத் தேடி முட்டைகளை எண்ணி வந்தார்கள். முன்பு நூற்றுக்கு 93 முட்டை பொரித்த இடத்தில், 1990களின் தொடக்கத்தில் பாதி கூடப் பொரிக்கவில்லை. புல் இருந்தது, பாதுகாப்பு இருந்தது, தாய் ஒழுங்காக அடைகாத்தது. முட்டைக்குள் உயிர் இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்க, 1930களில் பிடித்து நூதனசாலையில் பாடம் செய்து வைத்திருந்த பழைய பறவைகளின் டீ.என்.ஏ.யை எடுத்துப் பார்த்தார்கள். பழைய பறவைகளில் ஓர் இடத்துக்குச் சராசரியாக 5.2 எதிருருக்கள் இருந்தன. 1993 அளவில் 3.7 மட்டுமே. கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் பெரிய குடித்தொகைகளில் 5.8 இருந்தன. ஐம்பது பறவை மிஞ்சினாலும் அதில் ஒன்றிரண்டு சேவல்தான் தந்தையாகிறது என்பதை நான் மேலே மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இலக்கத்தில் ஐம்பது, உண்மையில் அதைவிட மிகக் குறைவு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி, கெட்ட எதிருருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, முட்டைக்குள்ளேயே குஞ்சு இறந்தது.

1992 முதல் 1998 வரை மின்னசோட்டா, கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து 271 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முட்டை பொரிக்கும் வீதம் மறுபடி தொண்ணூறுக்கு மேல் ஏறியது. பாடநூல் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது. நாமும் "ஆகவே பிறப்புரிமைப் பல்வகைமை முக்கியமானது" என்று எழுதிப் புள்ளி பெறுகிறோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதிய இரத்தம் வந்தது, புதிய புல் வரவில்லை. எண்ணிக்கை மீண்டும் இறங்கி, 2014இல் மறுபடியும் கன்சாஸிலிருந்து பறவைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. என் கருத்தில் பாடநூல் இந்த ஒரு வசனத்தையும் சேர்த்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் வாழ்ந்த இதே பறவையின் இன்னொரு வகை இவ்வளவுக்கும் இருந்து பார்க்கவில்லை. ஹீத் கோழி என்று பெயர். மார்த்தாஸ் வின்யார்ட் என்ற ஒரே தீவில் மட்டும் எஞ்சியிருந்தது. 1908இல் அதற்குச் சரணாலயம் அமைத்தார்கள். நன்றாகப் பெருகி வரும்போது 1916இல் ஒரு காட்டுத் தீ. 1932 மார்ச் மாதம் கடைசிச் சேவல் கடைசியாகக் காணப்பட்டது. அதற்கு முன் சில வசந்தங்கள் அது தனியாகத் திடலுக்கு வந்திருக்கிறது.

வாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் காணியைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் ஊர் மன்னார் மாவட்டத்தில் முசலிப் பகுதி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது வாப்பா சிறுவன். இருபது வருடம் புத்தளத்தில். யுத்தம் முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தால் வயல் எது, வரம்பு எது என்று தெரியவில்லையாம். உடை மரமும் முட்பற்றையும் மூடிக் கிடந்திருக்கிறது. காணியை அடையாளம் காட்டியது ஒரு பழைய கிணறு மட்டுமே. டோசர் வைத்து வெளியாக்கினார்கள். "அந்த நேரம் பத்தைக்குள்ள இருந்து கவுதாரி கூட்டங் கூட்டமா எழும்பினது, மகள். நான் அதைப் பாத்துக்கொண்டு நின்டன். ஆனா நிப்பாட்டேல்ல" என்றார் வாப்பா.

கவுதாரி நமது நாட்டில் எல்லா இடத்திலும் இல்லை. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்ற வரண்ட கரையோரப் பகுதிகளில்தான் வாழ்கிறது. புல்லும் முட்பற்றையும் வெளியும் கலந்த இடம் அதற்கும் வேண்டும். பிரெய்ரிக் கோழியைப் போல அது அருகிப்போகவில்லை. ஆனாலும் எங்கள் காணி இருபது வருடம் அதற்கு வீடாக இருந்திருக்கிறது, எங்களுக்கு வீடில்லாத அதே இருபது வருடம். இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது? வாப்பா காணியை வெளியாக்காமல் விட்டிருந்தால் நான் இன்று இந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க மாட்டேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1985இல் கொண்டுவந்த விவசாயச் சட்டத்தின்படி, மண் அரிக்கக்கூடிய காணியைப் பத்து முதல் பதினைந்து வருடம் உழாமல் புல் வளர்த்து விட்டால் அரசாங்கம் அந்தக் கமக்காரருக்கு வருடா வருடம் வாடகை கொடுக்கும். நோக்கம் பாதி மண்ணைக் காப்பது, பாதி விளைச்சல் மிதமிஞ்சி விலை விழாமல் தடுப்பது. பறவைகள் இலவசமாகப் பயன்பெற்றன. 2007இல் இப்படி 360 இலட்சம் ஏக்கருக்கு மேல் புல் நின்றது. மின்னசோட்டா, டகோட்டா, கன்சாஸ் பக்கம் பிரெய்ரிக் கோழியும் பெசன்ட்டும் பெருகின. பிறகு சோளத்திலிருந்து எதனோல் எரிபொருள் செய்யும் கொள்கை வந்தது. சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த கமக்காரர்கள் வாடகையை விட சோளம் இலாபம் என்று மறுபடி உழுதார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பரப்புக்கு 240 இலட்சம் ஏக்கர் என்று எல்லை போட்டது. சுற்றாடலுக்கு நல்லதென்று சொல்லப்பட்ட எரிபொருளே புல்வெளியைத் தின்றது என்பது கசப்பான வேடிக்கை.

இதையும் வாப்பாவிடம் சொன்னேன். "உழாம விடுறதுக்குக் காசா? நல்ல நாடுதான்" என்று சிரித்தார். எங்களுக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை. உர விலையும் உழவுக் கூலியும் கொடுத்து மிஞ்சுவது என்ன என்பதை உம்மாவின் கணக்குக் கொப்பியில் பார்க்கலாம். ஆகவே காணியில் பாதியை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். கிணற்றுக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது, கால் ஏக்கர் வரும். உவர் மண். மூன்று முறை விதைத்தும் ஒழுங்காக விளையவில்லை. ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால் வாப்பா அதைத் துப்புரவாக்கி எரிப்பார், வழக்கம் என்பதால். ரெட்டொப் புல் நின்ற அந்தச் சாம்பல் மண்ணின் கதையைச் சொல்லி, இந்த முறை எரிக்க வேண்டாம் என்றேன்.

"பன்டி வந்து ஒழிச்சிருந்தா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. காட்டுப்பன்றி ஓர் இரவில் ஒரு வயலை முடித்துவிடும். இரண்டு நாள் கழித்து, "சரி, ஒரு போகம் பாப்பம்" என்றார்.

டிசம்பர் விடுமுறையில் நான் போய் ஐந்து நாள் தங்கினேன். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கிணற்றடியில் கொப்பியோடு உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அந்த மூலையிலிருந்து ஒரு கவுதாரி கூவியது. சற்றுப் பொறுத்து வீதிக்கு அப்பாலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. நேரம் 5.52 என்று குறித்தேன். பன்றியும் ஒரு இரவு வந்து வரம்போரம் கொஞ்சம் கிண்டிவிட்டுப் போயிருந்தது, அதையும் குறித்திருக்கிறேன். வாப்பா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, பன்றி கிண்டிய இடத்தின் அளவைத் தானே அளந்து திருத்தி எழுதினார்.